மைசூரு தீம் பார்க் ட்ரிப்: ரிசார்ட் அறையை எந்த ராத்திரிக்குப் போடணும்?

வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு கிடைச்சாச்சு. சனி, ஞாயிறு சேர்த்தால் மூன்று நாள். இரண்டு பேரும் இதுவரை பார்த்திராத ஒரு தீம் பார்க், ஒரு ராத்திரி ரிசார்ட், கூடவே மைசூரு அரண்மனை. லேப்டாப்பில் 14 டேப் திறந்து கிடக்கிறது. ஒன்றில் பேக்கேஜ் விலை, இன்னொன்றில் டிக்கெட் விலை, மூன்றாவதில் 'பணம் வேஸ்ட்' என்று ஒருவர், அவருக்குக் கீழேயே 'செம்ம அனுபவம்' என்று இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இவர் போனது டிசம்பர் கடைசி ஞாயிறு. அவர் போனது ஜூலை மாத செவ்வாய். தீம் பார்க்கில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ரைடு அல்ல, நேரம். அந்தக் கணக்கு புரிந்தால் எந்தப் பார்க், எந்த நாள், அறை தேவையா என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

மைசூரு பக்கம் என்னென்ன இருக்கு?

இரண்டு தேர்வுகள். முதலாவது, மைசூரு நகரத்திலேயே, மேட்டகள்ளி பக்கம் இருக்கும் ஜிஆர்எஸ் ஃபேண்டஸி பார்க். சுமார் 30 ஏக்கர். தண்ணீர் விளையாட்டுகள்தான் இதன் பலம். மைசூரு ரயில் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர்தான், ஆட்டோவிலேயே போய்விடலாம்.

இரண்டாவது, பிடதி அருகே இருக்கும் வொண்டர்லா. பெயர் பெங்களூரு வொண்டர்லா என்றாலும், இருப்பது பெங்களூரு–மைசூரு சாலையில். பெங்களூரு மையத்திலிருந்து 28 கி.மீ., மைசூருவிலிருந்து சுமார் 110 கி.மீ. கொச்சியில் 2000-ல் 'வீகாலேண்ட்' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2005-ல் திறந்த இரண்டாவது பார்க் இது. 82 ஏக்கர், 60-க்கும் மேற்பட்ட ரைடுகள். பின்னோக்கி ஓடும் 'ரீகாயில்' ரோலர் கோஸ்டர் இங்கே உண்டு. 2012-லிருந்து அதே வளாகத்தில் 84 அறைகள் கொண்ட ரிசார்ட்டும் உண்டு. 'தீம் பார்க் ரிசார்ட்' என்று நீங்கள் தேடினால் வந்து விழுவது பெரும்பாலும் இதுதான்.

சென்னைவாசிகளுக்கு ஒரு வார்த்தை. 2025 டிசம்பரிலிருந்து திருப்போரூர் அருகே வொண்டர்லாவின் சென்னை பார்க் இயங்குகிறது. ரோலர் கோஸ்டர் மட்டும்தான் நோக்கம் என்றால் மாநிலம் தாண்ட வேண்டியதில்லை. மைசூருவும் சேர்ந்தால்தான் இந்தப் பயணத்துக்கு அர்த்தம்.

(கே.ஆர்.எஸ். அணைக்கட்டில் 'டிஸ்னிலேண்ட்' வரப்போகிறது என்று படித்திருப்பீர்கள். 2018-லிருந்து பேச்சில் இருக்கும் திட்டம் அது. அணைக்கு ஆபத்து என்று மண்டியா விவசாயிகள் எதிர்க்கிறார்கள். இப்போதைக்கு அங்கே இருப்பது பிருந்தாவன் தோட்டமும் இசை நீரூற்றும்தான்.)

60 ரைடு இருக்கு, எத்தனை ஏறலாம்?

கணக்குப் போடுவோம். வார நாட்களில் காலை 11 முதல் மாலை 6 வரை என்பது வொண்டர்லாவின் வழக்கமான நேரம். சீசனில் மாறும், புக் செய்யும் நாளுக்கு என்ன நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 7 மணி நேரம் என்றால் 420 நிமிடம்.

இதில் நுழைவு, பை சோதனை, லாக்கர் எல்லாம் சேர்த்து 30 நிமிடம். மதியச் சாப்பாடு 45. தண்ணீர் பகுதிக்கு உடை மாற்ற, பிறகு குளித்துத் திரும்ப மாற்ற 40. நடை, டீ, பாத்ரூம், போட்டோ 45. மொத்தம் 160 நிமிடம் போச்சு. மிச்சம் 260.

கூட்டம் இல்லாத நாளில் ஒரு ரைடுக்குச் சராசரியாக 12 நிமிடக் காத்திருப்பு, 5 நிமிட ஓட்டம் என்று வையுங்கள். 260-ஐ 17-ஆல் வகுத்தால் 15 ரைடு. கூட்ட நாளில் காத்திருப்பு 40 நிமிடம் ஆகிறது. 260-ஐ 45-ஆல் வகுத்தால் 6 கூட வரவில்லை.

இவை என் அனுமானங்கள்தான், உங்கள் நாளில் முன்னே பின்னே இருக்கும். ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள். அதே கேட், அதே ரைடுகள். ஒரு ஜோடி 15 ஏறுகிறது, இன்னொரு ஜோடி 5 ஏறிவிட்டுக் கடுப்பாகத் திரும்புகிறது. பார்க்கில் 60 ரைடு இருந்தாலும் 40 இருந்தாலும் இந்த இரண்டு ஜோடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அலைக் குளம், சோம்பேறி நதி மாதிரி வரிசையே இல்லாத இடங்கள் இந்தக் கணக்கில் சேராது. கூட்ட நாளில் தப்பித்துப் போக அவைதான் இடம்.

வரிசை எவ்வளவு நேரம் என்பதை நின்றபடியே கணிக்கலாம். மூன்று எண் போதும். ஒரு சுற்றில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், ஒரு சுற்று கிளம்பி அடுத்தது கிளம்ப எத்தனை நிமிடம், உங்களுக்கு முன்னால் எத்தனை பேர். 24 சீட், 4 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 15 சுற்று, 360 பேர். முன்னால் 180 பேர் நின்றால் அரை மணி. வரிசையின் ஒரு மடிப்பில் இருக்கும் தலைகளை எண்ணி, மடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள்.

ஒரு பார்க்கில் நான் இதைச் செய்யாமல் போய் நின்று, 70 நிமிடம் கழித்து ஏறினேன். ரைடு ஓடியது ஒன்றரை நிமிடம். பக்கத்திலேயே இரண்டு மடங்கு சீட் உள்ள ரைடில் வரிசை பாதிதான் இருந்தது. பெயர் பெற்ற ரைடு என்று எல்லோரும் ஒரே இடத்தில் நின்றோம்.

வரிசையைத் தாண்டிப்போகும் 'ஃபாஸ்ட்ராக்' டிக்கெட் வாங்கலாமா என்பதும் இதே கணக்குதான். கூடுதல் தொகையை, மிச்சமாகும் மணி நேரத்தால் வகுங்கள். கூடுதல் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3 மணி நேரம் மிச்சமாகும் கூட்ட நாளில் மணிக்கு 333 ரூபாய், யோசிக்கலாம். 40 நிமிடமே மிச்சமாகும் செவ்வாய்க்கிழமையில் மணிக்கு 1,500 ரூபாய், வேண்டாம். முன்கூட்டியே வாங்காமல், அன்று காலை கேட்டில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய முடியுமா என்று கேட்டுவையுங்கள்.

ரிசார்ட் அறை: முந்தின ராத்திரியா, அன்றைய ராத்திரியா?

பெரும்பாலான ஜோடிகள் தப்பு செய்யும் இடம் இது. 'முந்தின நாளே போய்த் தங்கிடலாம், காலையில் முதல் ஆளா உள்ளே போயிடலாம்' என்று நினைப்பது இயல்பு. வெளிநாட்டு வீடியோக்கள் சொல்வதும் அதைத்தான். ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அது சரி. அங்கே வளாக ஹோட்டலில் தங்குபவர்களுக்கு, மற்றவர்களை விட 30 நிமிடம் முன்னதாகவே அனுமதி. அறை வாங்கினால் காலை நேரமும் கூட வருகிறது.

இங்கே கேட் திறப்பதே 11 மணிக்கு. மைசூருவிலிருந்து 8 மணிக்குக் கிளம்பினாலே போய்ச் சேர்ந்துவிடலாம். முந்தின ராத்திரி தங்கியதால் உங்களுக்குக் கூடுதலாக ஒரு ரைடு கிடைக்காது. கிடைப்பது காலை உணவும், பார்க் திறக்கும் வரை காத்திருப்பும்தான்.

அதே அறையை பார்க் முடிந்த ராத்திரிக்குப் போட்டுப் பாருங்கள். மாலை 6 மணி. ஏழு மணி நேரம் வெயில், தண்ணீர், நடை. தலைமுடி ஈரம், பையில் ஈரத் துணி. அப்போது முன்னால் இருப்பது 110 கி.மீ. நெடுஞ்சாலை இல்லை, 10 நிமிட நடையில் ஒரு படுக்கை. அன்று காலையே ரிசப்ஷனில் பையை வைத்துவிட்டுப் பார்க்குக்குள் போகலாம்; செக்-இன் எப்படியும் மதியத்துக்கு மேல்தான். இந்த ஊரில் ரிசார்ட் விற்பது காலையை அல்ல, மாலையை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நள்ளிரவில் வந்து இறங்குகிறீர்கள், அதிகாலை வரை போக இடமில்லை என்றால் முந்தின ராத்திரி அறைக்கு அர்த்தம் இருக்கிறது. அதற்கும் ரிசார்ட்தான் வேண்டும் என்பதில்லை, பெங்களூருவில் சாதாரண ஹோட்டல் போதும்.

பேக்கேஜில் 'அறை + பார்க் டிக்கெட் + காலை உணவு' என்று ஒரே எண்ணாகத்தான் காட்டுவார்கள். அதிலிருந்து, அதே தேதிக்கு ஆன்லைனில் கிடைக்கும் இரண்டு பார்க் டிக்கெட்டின் விலையைக் கழியுங்கள். மிச்சம்தான் அறையின் உண்மையான விலை. அதை மைசூரு அல்லது ராமநகராவில் ஒரு நல்ல ஹோட்டல் விலையோடும், அங்கே போக ஆகும் டாக்சிச் செலவோடும் ஒப்பிடுங்கள். ஜிஆர்எஸ் பார்க் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. மைசூருக்குள் எங்கே தங்கினாலும் ஒன்றுதான்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18. அதாவது 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770. வெறும் 200 ரூபாய் கூடுதலான 7,600 ரூபாய் அறைக்கு 8,968. எல்லைக்குப் பக்கத்தில் விலை இருந்தால், ஒரு தள்ளுபடி கூப்பன் கிட்டத்தட்ட 1,200 ரூபாய் மிச்சப்படுத்திவிடும்.

எந்த நாள்?

வார நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி சரி. நவம்பர் முதல் ஜனவரி வரை கர்நாடகப் பள்ளிகளின் சுற்றுலா சீசன். செவ்வாய்க்கிழமை காலை 10.45-க்கு கேட்டில் 20 பள்ளிப் பேருந்து நிற்பதைப் பார்த்தால் உங்கள் லீவு வீணான உணர்வு வரும். ஏப்ரல், மே கோடை விடுமுறை. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை உச்சம். தசரா பத்து நாளும் மைசூருவில் அறை விலை எகிறும், ஊரே கூட்டம். தசரா பார்க்கப் போனால் தசரா பாருங்கள், பார்க்கை அதில் நுழைக்காதீர்கள்.

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் பாதி வரை, பள்ளி திறந்த பிறகான வார நாட்கள்தான் என் தேர்வு. தூறல் இருக்கும். தண்ணீரில் விளையாடப் போகிறவருக்குத் தூறல் பிரச்சினை இல்லை. இடி, மின்னல், பலத்த காற்று வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அது மட்டும் ரிஸ்க். டிசம்பர், ஜனவரியில் அங்கே காலைக் குளிர் நம்ம சென்னைக் குளிர் மாதிரி இல்லை. ஈரத்தோடு நிற்க முடியாது.

உங்கள் ஒரு நாள் லீவை எதில் செலவழிப்பது என்பதுதான் முக்கியம். வெள்ளி லீவு என்றால், வெள்ளியன்று பார்க், சனி ஞாயிறு மைசூரு. பலர் வெள்ளியைப் பயணத்துக்குக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை பார்க்கில் போய் நிற்கிறார்கள். டிக்கெட் விலையும் வார இறுதியில் கூடுதல்.

இன்னொன்று, தமிழ்நாட்டுப் பதிவு எண் கார் வைத்திருப்பவர்களுக்கு. மழை பொய்த்த ஆண்டுகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் காவிரிச் செய்திகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2016 செப்டம்பரில் பெங்களூருவில் தமிழகப் பேருந்துகள் எரிக்கப்பட்டன. 2023 செப்டம்பர் 26-ல் பெங்களூரு பந்த், 29-ல் கர்நாடக பந்த். மண்டியா இந்தப் பாதையின் நடுவில்தான் இருக்கிறது. வழக்கமான நாட்களில் ஒரு பிரச்சினையும் இல்லை. அந்தச் சில நாட்களுக்காகத்தான், இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் போடச் சொல்கிறேன்.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து பிடதி பார்க்குக்கு என்றால், மைசூரு வரை போய்த் திரும்பி வர வேண்டாம். காலை 5.50-க்கு சென்னை சென்ட்ரலில் கிளம்பும் மைசூரு வந்தே பாரத், 10 மணி வாக்கில் பெங்களூரு வந்துவிடும் (வாரத்தில் ஒரு நாள் ஓடாது, பார்த்துக்கொள்ளுங்கள்). ரயில் நிலையத்தை ஒட்டியே மெட்ரோ. பர்ப்பிள் லைன் 2023 அக்டோபரிலிருந்து கெங்கேரியைத் தாண்டி சல்லகட்டா வரை போகிறது. நகர டிராஃபிக் முழுவதையும் மேலேயே தாண்டிவிடலாம். கடைசித் துண்டுக்கு மட்டும் டாக்சி. நண்பகலுக்குள் பார்க்கில் இருப்பீர்கள். அன்று ராத்திரி ரிசார்ட், மறுநாள் மைசூரு.

காரில் போகிறவர்களுக்கு: 119 கி.மீ. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை 2023 மார்ச் 12-ல் திறக்கப்பட்டது. கார்களுக்கு வேக வரம்பு 100. கேமராக்கள் வரிசையாக இருக்கின்றன. 2024 ஆகஸ்ட் முதல் கர்நாடகத்தில் 130-ஐத் தாண்டினால் அபராதத்தோடு போகாது, வழக்கே பதிவாகும்.

பைக்கில் போகலாம் என்று நினைக்கும் ஜோடிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் அந்தச் சாலையின் பிரதான தடத்தில் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும், ஊர்களுக்குள் நுழைந்து நுழைந்து. மேப் காட்டும் நேரத்தை நம்பாமல் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோவை, ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்குத்தான் அறை விஷயம் கட்டாயமாகிறது. கூடலூர் வழி போனால் பந்திப்பூர். அங்கே இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்களுக்குத் தடை. சத்தியமங்கலம், திம்பம் வழியிலும் 2022 பிப்ரவரி முதல் அதே மாதிரி இரவுத் தடை. மாலை 6 மணிக்கு மைசூரு பார்க்கிலிருந்து வெளியே வந்து, உடை மாற்றி, ஒரு தோசை சாப்பிட்டுக் கிளம்பினால் 9 மணிக்குள் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியுமா? விரட்டினால் முடியலாம். யானை குறுக்கே வரும் சாலையில், களைப்போடு விரட்ட வேண்டாம். அன்று ராத்திரிக்கு மைசூருவிலேயே அறை போடுங்கள். ஊட்டி வழியாகப் போகும் திட்டம் என்றால் நீலகிரி இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள்.

ஒருத்தருக்குப் பயம், ஒருத்தருக்கு ஆசை. என்ன செய்வது?

முதல் தடவை சேர்ந்து போகும் பல ஜோடிகளுக்கு நிஜமான சிக்கல் இதுதான். பணத்தைப் பற்றி ஒரு வாரம் பேசுகிறோம். இதைப் பற்றிப் பேசுவது கோஸ்டர் வரிசையில் நிற்கும்போதுதான். 'வா, ஒண்ணும் ஆகாது' என்று ஒருவர் இழுக்க, மற்றவர் ஏறி, இறங்கி, அதற்கப்புறம் மாலை வரை பேச்சே இல்லை.

வீட்டிலேயே இருவரும் தனித்தனியாக ரைடு பட்டியலைப் பார்த்து, மூன்றாகப் பிரியுங்கள்: கண்டிப்பா ஏறணும், பார்க்கலாம், முடியாது. 'முடியாது' என்பதற்கு விவாதம் கிடையாது என்று முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். இருவருக்கும் 'கண்டிப்பா' என்று வந்தவை காலையில் முதலில். ஒருவருக்கு மட்டும் வந்தவற்றுக்கு, ஏறாதவர் எங்கே உட்காருவார் என்பதையும் யோசியுங்கள். 40 நிமிடம் வெயிலில் இரண்டு பையோடு நிற்க வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறி வந்தால், அந்தக் கணக்கு வேறு எங்கேயோ தீர்க்கப்படும்.

பயமும் குமட்டலும் வேறு வேறு. உயரமும் திடீர் வீழ்ச்சியும் தருவது பயம். அது சில நொடியில் போய்விடும். சுழலும் ரைடுகள் தருவது குமட்டல். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்புகிறது. அது மணிக்கணக்கில் நீடிக்கும். பஸ்ஸில் மலையேறும்போது வாந்தி வருபவர், பெரிய கோஸ்டரில் தப்பித்து, சாதுவாகத் தெரியும் சுழல் ரைடில் மாட்டிக்கொள்ளலாம். அவரைச் சாப்பிட்ட உடனே சுழல் ரைடில் ஏற்றாதீர்கள். பயண வாந்திக்குப் போடும் அவோமின் போன்ற மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். அதைப் போட்டவர் அன்று வண்டி ஓட்டக் கூடாது. அன்றைய ராத்திரிக்கு அறை போட இதுவும் ஒரு காரணம்.

கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ, இதய நோய், முதுகு, கழுத்துப் பிரச்சினை இருந்தாலோ கோஸ்டர் வகை ரைடுகள் வேண்டாம். பெரிய ரைடுகளுக்கு உயர வரம்பு உண்டு, சிலவற்றுக்கு எடை வரம்பும். இதை வரிசையின் முடிவில் தெரிந்துகொள்வது ஒரு அவமானம். ரைடு பக்கத்தில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதி குறிக்கும்போது மாதவிடாய் நாட்களையும் கணக்கில் எடுங்கள். இதைக் கேட்க வேண்டியது பெண் மட்டுமல்ல. ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டை ஆண் போட்டுவிட்டு, பிறகு 'பரவாயில்லையா?' என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

பையில் என்ன, கழுத்தில் என்ன?

தண்ணீர் ரைடுகளில் காட்டன், ஜீன்ஸ், புடவை, துப்பட்டா அனுமதி இல்லை. நைலான், பாலியஸ்டர், லைக்ரா வகைத் துணிதான். நீச்சலுடை என்று பயப்பட வேண்டாம், நைலான் டி-ஷர்ட்டும் முழு நீள லெக்கிங்ஸும் போதும். ஊரிலேயே வாங்கிப் போங்கள். உள்ளே கடை உண்டு, ஆனால் அங்கே அளவும் விலையும் உங்கள் கையில் இல்லை.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஒரு விஷயம், எந்த வழிகாட்டியிலும் பார்க்க முடியாதது: தாலி. புது மஞ்சள் கயிறோ, தாலிச் செயினோ, சுழலும் ரைடிலும் அலைக் குளத்திலும் வெளியே தொங்குவது ஆபத்து. சிக்கினால் கழுத்து, அறுந்தால் தங்கம். கழற்றுவதில் சம்மதம் இல்லையென்றால் உடைக்குள் விட்டு, மேலே கழுத்து ஒட்டிய டி-ஷர்ட் போடுங்கள். மற்ற நகை எல்லாம் வீட்டில். தளர்வான மோதிரம் தண்ணீரில் குளிர்ந்த விரலிலிருந்து சத்தமில்லாமல் நழுவும். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்காதீர்கள், கண்ணில் கிருமித் தொற்று வரலாம். கண்ணாடி போடுபவர்கள் பின்னால் கட்டும் பட்டை ஒன்று வாங்கிவிடுங்கள்.

வெளிச் சாப்பாடு உள்ளே எடுத்துப்போக முடியாது. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டை 12.30-க்கோ 2.30-க்கோ வைத்துக்கொண்டால் சாப்பாட்டு வரிசையில் அரை மணி மிச்சம்.

கல்யாணம் ஆகவில்லை என்றால் அறை தருவார்களா?

18 வயது நிரம்பிய இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. கோவையில் ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. ஆனால் யாருக்கு அறை தருவது என்று ஹோட்டல்கள் தங்களுக்கென விதி வைத்துக்கொள்கின்றன. 2025 ஜனவரியில் ஓயோ நிறுவனமே மீரட்டில் தன் விதியை இறுக்கியது. சட்டத்தை நம்பி இரவு 8 மணிக்கு ரிசப்ஷனில் வாதாடுவதை விட, புக் செய்யும் முன் ஒரு மெயில் போட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இருவரின் அடையாள அட்டையும் கேட்பார்கள். ஆதார் தருவதாக இருந்தால் முதல் 8 இலக்கம் மறைத்த 'மாஸ்க்டு' பிரதி போதுமா என்று கேளுங்கள்.

பாதுகாப்பு?

2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் மாதிரி ஆடும் ரைடு ஒன்று முறிந்து விழுந்து 2 பேர் இறந்தார்கள். அதை நினைவில் வைத்துத்தான் இந்தப் பகுதி. இயந்திரத்தின் நிலையை நம்மால் சோதிக்க முடியாது. பணியாளர் என்ன செய்கிறார் என்று பார்க்க முடியும். ஒவ்வொரு சீட்டின் தடுப்புக் கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா? கிளம்பும் முன் ஒருவருக்கொருவர் சைகை கொடுக்கிறார்களா? உங்கள் சீட்டை விட்டுவிட்டுப் போனால் கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பி தொடையில் படியாமல் இடைவெளி இருந்தால் இறங்கிவிடுங்கள். ஸ்லைடில் முன்னால் போனவர் குளத்தை விட்டு விலகிய பிறகுதான் அடுத்தவரை விட வேண்டும். அந்த அவசரம் தெரியும் பார்க்கில் அந்த ஸ்லைடு வேண்டாம்.

நீச்சல் தெரியாதவர் அலைக் குளத்தில் இடுப்பளவு ஆழத்தைத் தாண்ட வேண்டாம். அலை அடிக்கும்போது இடுப்பளவு, மார்பளவு ஆகும்.

மிச்சம் இரண்டு நாள்

சனிக்கிழமை காலை மெதுவாக எழுந்து, மைசூரு. வழியில் ஸ்ரீரங்கப்பட்டணம் இறங்கலாம். மைசூரு மிருகக்காட்சிசாலைக்குச் செவ்வாய் விடுமுறை என்பதால் உங்கள் திட்டத்தில் அது இடிக்காது. அரண்மனையின் விளக்கு அலங்காரம், ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு, ஞாயிறுகளிலும் அரசு விடுமுறைகளிலும் மாலை 7 மணிக்கு.  ஞாயிறு மாலை அதைப் பார்த்துவிட்டு ராத்திரி ரயில் பிடிப்பதாக இருந்தால், பையை ரயில் நிலைய க்ளோக் ரூமில் போட்டுவிடுங்கள். ஈரத் துணியைத் தனி பிளாஸ்டிக் கவரில் கட்டிவிட்டு.